ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகள்

படப்பையிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் வாலாசாபாத் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. அவற்றினிடையே எஞ்சிக் கிடக்கும் வெற்று மனைகளில், ஞாயிறு மாலைகளில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் பந்தாடுவதை நாம் பலமுறை நின்று பார்த்ததுண்டு. அவர்களோடு சேர்ந்து ஆடும் நம் மாணவர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “ஐயா, நம்ம ஆளு யாராவது ஒரு நாட்டு டீமுக்குக் கோச்சா இருந்து கப் ஜெயிச்சிருக்காங்களா?” இருக்கிறார் என்றோம். பெயரைச் சொன்னபோது அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. இக்கட்டுரை அவருக்காக எழுதப்படுவது.

கிருஷ்ணசாமி ராஜகோபால் 1956இல் மலேசியாவில் பிறந்தவர். நடுக்கள ஆட்டக்காரர், சிலாங்கூர், கோலாலம்பூர் அணிகளுக்கும் மலேசிய தேசிய அணிக்கும் ஆடியவர். மொக்தார் டகாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், இலக்குக்காவலர் ஆர். ஆறுமுகம் என மூவினத்தாரும் ஒரே சட்டையில் ஆடிய தலைமுறையை ஒட்டி வளர்ந்தவர். (மலேசியத் தமிழ் ஏடுகள் ‘காற்பந்து’ என்றே எழுதுகின்றன. ஈழத்தில் உதைபந்தாட்டம். புணர்ச்சி விதியைக் கைவிட்டவர்கள் நாம்தாம்!) நடுக்களத்தில் ஆடுபவனின் பெயர் கோல் கணக்கில் அரிதாகவே ஏறும். முன்னவனுக்கும் பின்னவனுக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பதே அவன் வேலை. பயிற்சியாளர் ஆனபின்பும் அவர் செய்தது ஏறக்குறைய அதுவே என நமக்குத் தோன்றுகிறது.

அவர் பொறுப்பேற்ற காலம் நல்ல காலமன்று. 2007 ஆசியக் கோப்பையில், அதுவும் சொந்த மண்ணில், மலேசியா சீனாவிடம் 1–5 என்றும் உஸ்பெகிஸ்தானிடம் 0–5 என்றும் தோற்றது. 2009 சனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் மீண்டும் ஐந்து கோல். அப்போது பயிற்சியாளராக இருந்த பி. சத்தியநாதன் விலக நேர்ந்தது. அந்த நாற்காலியில்தான் ராஜகோபால் அமர்ந்தார்.

பெயர் பெற்ற மூத்தவர்களை நம்பியிராமல் இளையவர்களைக் கொண்டு அவர் அணி கட்டினார். 2009 திசம்பரில் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், பிரிவுச் சுற்றில் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றனர். ஆயின் 1993 முதல் தொடர்ந்து தங்கம் வென்றுவந்த தாய்லாந்தை 2–1 என வீழ்த்தி வெளியேற்றினர். இறுதியில் எதிர்நின்றது அதே வியட்நாம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது எதிரணியினர் தம் வலையிலேயே அடித்துக்கொண்ட பந்தால் 1–0 என வென்றனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்குக் கிடைத்த தங்கம் அது.

அந்தப் பிள்ளைகளையே பெரிதும் நம்பி மறு ஆண்டு தென்கிழக்காசியக் கோப்பைக்குச் சென்றார். 2010 திசம்பர் 1, சகார்த்தாவின் கெலோரா பூங் கர்னோ அரங்கம். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1–5. மறுபடியும் ஐந்து! தொடரின் நடுவே புதிய ஆட்களைச் சேர்க்க விதி இடந்தராது என்பது உண்மைதான். ஆனால் இருப்பவர்களின் மனத்தை உடைத்துவிட எந்த விதியும் தடையன்று. தோற்ற அன்று அதைச் செய்யும் பயிற்சியாளர் பலர். இந்தப் பிள்ளைகளோ அடுத்து தாய்லாந்துடன் கோலின்றிச் சமன் செய்தனர். லாவோசை 5–1 என வென்றனர். அரையிறுதியில் நடப்பு வாகையரான வியட்நாமைக் கோலாலம்பூரில் 2–0 என வீழ்த்தி, அனோயில் 0–0 எனத் தாக்குப்பிடித்தனர். இறுதியில் மீண்டும் இந்தோனேசியா.

திசம்பர் 26, புக்கிட் சலீல் அரங்கம். ஒன்றை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. பார்வையாளர் சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்மீது லேசர் ஒளியைப் பாய்ச்ச, ஆட்டம் சிறிது நேரம் நின்றது. மீண்டும் தொடங்கிய சிறு பொழுதில் சஃபி சாலி இரண்டும் அசாரி சம்சுதீன் ஒன்றுமாக மூன்று கோல்கள் விழுந்தன. அந்த ஒளியே வென்றது என்பார் இன்றும் உளர். அவர்களுக்கு மூன்று நாள் கழித்து நடந்ததை நினைவூட்டலாம். திசம்பர் 29, ஐந்து கோல் வாங்கிய அதே சகார்த்தா அரங்கம். தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. அணித்தலைவர் ஃபிர்மான் உத்தினா அடித்ததை இளம் இலக்குக்காவலர் கைருல் ஃபாமி பிடித்தார். இடைவேளைக்குப் பின் சஃபி ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 1–2 எனத் தோல்விதான். மொத்தக் கணக்கோ 4–2. மலேசியா அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. திசம்பர் 31 நாடு முழுவதும் பொது விடுமுறை என அறிவிக்கப்பட்டது.

அந்த அரங்கம் இந்தியருக்கும் அந்நியமன்று. 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்று, செப்டம்பர் 4 அன்று இறுதியில் அதே தென்கொரியாவை 2–1 என வென்றது இதே சகார்த்தா அரங்கில்தான். தலையில் தையலோடு ஆடிய சர்னைல் சிங்கும் பி.கே. பானர்சியும் கோல் அடித்தனர். காய்ச்சலிலிருந்து மீண்டு வந்து அன்று இலக்கைக் காத்தவர் பீட்டர் தங்கராசு. அந்த அணியை உருவாக்கிய ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரகீம் மறு ஆண்டே புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரைப் பலர் அறிந்தது 2024இல் ஒரு இந்தித் திரைப்படம் வந்த பிறகே.

ராஜகோபாலின் பிற்காலத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2011 சூலையில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3–5 என வீழ்ந்து, மறு ஆட்டத்தில் 1–1 என முடித்து வெளியேறினர். 2012இல் கோப்பையைக் காக்கப் புறப்பட்டவர்கள் சொந்த அரங்கின் முதல் ஆட்டத்தில் அதே சிங்கப்பூரிடம் 0–3. அப்போதும் அணி சிதறவில்லை. இந்தோனேசியாவை 2–0 என வென்று அரையிறுதிவரை சென்று, தாய்லாந்திடம் தோற்றது. கூச்சல் எழுந்தது. 2013 முடிந்ததும் அவர் பொறுப்பும் முடிந்தது. பின்னர் சரவாக் அணிக்குப் பயிற்சியளித்தார். மூன்றாண்டுக்கு முன் விடுமுறை விட்டுக் கொண்டாடிய நாடு அவரை அனுப்பிவைத்த விதத்தில் நமக்கு வருத்தமுண்டு. எனினும் பயிற்சியாளர் நாற்காலி எந்நாட்டிலும் இவ்வாறே என்பதையும் அறிவோம்.

2014இல் மலேசியா மீண்டும் இறுதிக்கு வந்து தாய்லாந்திடம் தோற்றது. 2018இல் இன்னொரு இறுதி. எதிரணி வியட்நாம், முதல் ஆட்டம் 2–2, அடுத்தது 0–1. அன்று மலேசியாவின் பயிற்சியாளராக ஆட்டக்களத்தின் ஓரத்தில் நின்றவர் தான் செங் ஓ, ராஜகோபாலுக்கு உதவியாளராக இருந்தவர். 2024 தொடர்வரை அந்தக் கோப்பை இன்னொரு முறை கோலாலம்பூருக்குச் செல்லவில்லை.

மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவர் கோப்பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த அஞ்சு கோல் மேட்ச் முடிஞ்சு உள்ள போனதும், அவர் என்ன ஐயா சொல்லியிருப்பாரு?” என்றார்.