கம்பரசரும் கம்பம் பள்ளத்தாக்கும்

1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைரவனாற்றில் வந்து விழத் தொடங்கிய பின், கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் பாயும் வயல்கள் இருபோக நெல்லால் செழிக்க, வாய்க்கால் ஏறாத மேட்டு நிலங்களோ கிணற்றையும் கமலை மாடுகளையுமே நம்பி நின்றன. அந்த மேட்டு நிலங்களுக்கும் பின்னாளில் உபகாரம் செய்தது அதே பெரியாறுதான். 1950-களின் இறுதியில் லோயர் கேம்பில் மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மலையினின்று இறங்கும் நீரின் வேகமே மின்சாரமாக மாறியதும், கிராமங்களில் கம்பிகள் பரவப் பரவக் கமலைச் சத்தம் படிப்படியாக ஓய்ந்தது.

கிணறுகள் வற்றி ஆழ்துளைகள் பெருகிய காலத்தில் வந்து சேர்ந்தது கம்பரசர். மேலே மோட்டார் பெல்ட்டினால் சுழலும் இயந்திரம் காற்றை அழுத்தி மெல்லிய குழாய் வழியே துளையின் அடியில் செலுத்த, காற்றுக் குமிழிகள் கலந்து லேசான நீர் தானே மேலெழும்பி வருகிறது. மின்சாரத்தை அதிகம் விழுங்குவது இதன் குறை. துளைக்குள் அசையும் உறுப்பு ஏதுமில்லாததால், ஊற்றுக் குறைந்த, மணல் கலந்த துளைகளிலும் பழுதின்றி உழைப்பது இதன் மேன்மை.

ஆனால் சுவிட்சைப் போட்டவுடன் ‘ட்ரிப்’ ஆகிவிடுகிறது என்னும் முறையீடும் கூடவே வந்தது. பியூஸ் கட்டையின் காலத்தில், அது எரிந்து போகும்போதெல்லாம் செப்புக் கம்பிகளை இரட்டையாய் முறுக்கிக் கட்டியவர்கள், பிறகு மோட்டார் காயில் கருகியதற்காக வருந்தினார்கள். 1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் உருவாக்கிய தானியங்கித் துண்டிப்பான் (எம்.சி.பி.) அந்தக் கட்டையின் இடத்தைப் பிடித்தபோதும், அதன் எச்சரிக்கையை மதியாத மனோபாவம் மட்டும் மாறவில்லை.

கைதேர்ந்த மெக்கானிக் முதலில் சுவிட்சுப் பெட்டியைப் பிரிப்பதில்லை. தேங்கிய காற்றைத் திறந்து விட்டு, மெயினை அணைத்து, புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். வால்வு கசிந்து பழைய அழுத்தம் பிஸ்டன் மேல் நின்றால், மோட்டார் பாரத்தோடு கிளம்ப நேர்ந்து, மிகுந்த கரண்டை இழுக்கும். பெல்ட்டைக் கழற்றியும் ட்ரிப் ஆனால் குற்றம் மோட்டாரிலோ ஒயரிலோ இருக்கிறது. தனியே ஓடினால் கம்பரசரின் தலைப்பகுதியிலும் வோல்டேஜிலும் தேட வேண்டும். மும்முனை மின்சாரம் வந்த கணத்தில் ஊர் மோட்டார்கள் அனைத்தும் ஒன்றாய்க் கிளம்புகையில் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால், மோட்டாரின் சுழற்று விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

ஆகவே பெரிய எம்.சி.பி. மாட்டுவது பரிகாரமன்று. 1990 முதல் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமாகிவிட்டபடியால், உழவருக்குக் கட்டணச் சீட்டு தந்திருக்கக்கூடிய எச்சரிக்கை இல்லை. இயந்திரத்தின் சக்திக்கும் பூமியின் ஊற்றுக்கும் எல்லை உண்டென்று உணர்த்த எஞ்சியிருப்பவை வற்றும் துளையும் விழும் சுவிட்சுமே என்பதால், அவற்றை விரோதியாகக் கருதாது காரணத்தைத் தேடிக் களைவதே பள்ளத்தாக்கின் விவேகமாக வேண்டும்.