பிங்கும் அதன் தம்பியும்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பொடியன்கள் கூடிக் கைபேசியில் கேம் விளையாடும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி, "உனக்குப் பிங் எவ்வளவுடா?" நாற்பது என்றால் பெருமை. இருநூறு என்றால் ரவுட்டருக்கு ஏச்சு. சுட்டு வீழ்த்திய எதிரி சாகாமல் ஓடினாலும் பழி பிங் மேல்தான். இந்தப் பெயரைச் சூட்டிய மைக் மூஸ் பிங் புரோகிராமைக் கேமுக்காக எழுதவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில், குண்டுகளின் பாய்ச்சலை ஆராயும் தரைப்படை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே வலையமைப்பு கோளாறு பண்ணியது. பிங் பிறந்தது அப்போதுதான்.

பிங் அளப்பது செய்தி போய்வரும் நேரத்தை. செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று அளப்பதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்த காலம் அது. அந்தக் கணக்கில் கண்டி கொழும்பைவிட மூன்று நிமிடம் முந்தி. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கும் குதிரைக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டா? ஆனால் செக்கனை ஆயிரமாகப் பிரித்துப் பார்க்கும் கணினிக்கு, இரண்டு முனையிலும் உள்ள கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் அளவே பொய். வழி ஒன்றுதான்: கடிதம் போட்டவரே பதில் கைக்கு வந்த நேரத்தையும் குறித்துக்கொள்வது. அப்போது ஒரு கடிகாரம் போதும். போய்வர ஆன மொத்த நேரம் கிடைத்துவிடும். போக எவ்வளவு, வர எவ்வளவு என்பது மட்டும் தெரியாது.

இதற்கு வேண்டிய வசதியை ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரிலேயே, வலையமைப்பின் நிலையைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி விதிமுறையில் எழுதி வைத்திருந்தார். எட்டாம் வகைத் தரவுப் பொட்டலம் வந்தால், உள்ளே இருப்பதை மாற்றாமல் பூச்சிய வகையாக்கி அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். எதிரொலி, அவ்வளவுதான். டேவிட் மில்ஸ் என்ற ஆய்வாளர் 'ஃபஸ்பால்' என்று பெயரிட்ட தம் சிறு கணினிகளில் இந்த எதிரொலிக்கு நேரம் குறித்துப் பாதையின் தாமதத்தை அளந்து பார்த்தார். 1983 ஜூலையில் நோர்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் அதைப் போகிற போக்கில் சொன்னார். மூஸ் காதில் வாங்கிக்கொண்டார். இரு முனைக் கடிகாரங்கள் ஒத்துப்போகாத சிக்கலையும் மில்ஸ் விட்டுவைக்கவில்லை. கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி முறையை 1985இல் வகுத்தவர் அவரே. அதுவும் போய்வரும் நேரத்தைப் பாதியாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது.

டிசம்பரில் மூஸ் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் ஏறக்குறைய ஆயிரம் வரி. பிழையில்லாமல் கம்பைல் ஆனது, ஆனால் வேலை செய்யவில்லை. பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஐசிஎம்பி பொட்டலத்தை நேரடியாகக் கையாள இடமே இல்லை. எரிச்சலில் கர்னலையே திருத்தினார். பொழுது விடியுமுன் எல்லாம் ஓடியது. ஆனால் அவருடைய முதல் பொட்டலம் கிளம்புமுன்பே சக் கென்னடி என்ற சக ஊழியர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்! எந்தக் கோளாறுக்காகப் பிறந்ததோ அதற்கு மட்டும் பிங் உதவவில்லை. தம் வாழ்நாளின் புகழ்பெற்ற வேலை இதுதான் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக மெனக்கெட்டிருப்பேன் என்ற பொருளில் மூஸ் பின்னாளில் எழுதினார்.

பெயர் நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஓசையிலிருந்து வந்தது. மூஸ் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒரு வலையமைப்பு நிர்வாகிக்கு ஈதர்நெட் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது. அவர் பிங்கின் வெளியீட்டைப் பேசும் புரோகிராம் ஒன்றில் செருகி, அதை அலுவலக ஸ்டீரியோவில் உச்ச ஒலியில் வைத்தார். செக்கனுக்கு ஒரு முறை "பிங், பிங்" என்று அது கத்த, கட்டடம் முழுக்க நடந்து கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எங்கே ஆட்டியபோது சத்தம் நின்றதோ அங்கே பழுது.

ஆனால் பிங் அனுப்புவது சின்னப் பொட்டலம். பாதையில் ஆள் போய்வர முடியும் என்று சொல்லுமே தவிர, லொறி போகுமா என்று சொல்லாது. அதைச் சொல்ல வந்த தம்பிதான் டிடிசிபி என்ற புரோகிராம். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் டெர்ரி ஸ்லாட்டரியும் மூஸும் 1984இல் எழுதியது.

இதன் பின்னால் ஒரு தகராறு இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா காசு கொடுக்க, பிபிஎன் நிறுவனம் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி விதிமுறைக்கான குறிமுறையைப் பெர்க்லி யூனிக்ஸுக்கு எழுதித் தந்தது. பெர்க்லியின் பில் ஜாய் அதன் வேகம் போதாதென்று தாமே திருத்தி எழுதிவிட்டார். எது நிலைப்பது என்ற சண்டையில் டார்ப்பா மூஸை நடுவராக்கியது. சாதாரண நிலையில் பெர்க்லியின் குறிமுறை திறமானது, நெரிசலில் பிபிஎன்னுடையது மேல் என்று வந்தது. ஆனால் கடும் சோதனைகளில் பெர்க்லி தாக்குப்பிடிக்க, பிபிஎன் சில இடங்களில் கவிழ்ந்து விழுந்தது. 1986இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸின் 4.3 பதிப்பில் பெர்க்லியின் குறிமுறையே நிலைத்தது. வாய்ச்சண்டையில் தீராதது சோதனையில் தீர்ந்தது.

டிடிசிபியை ஒரு கணினியில் வாங்குபவராகவும் மற்றதில் அனுப்புபவராகவும் ஓட்டுவார்கள். பரவலாகப் புழங்கிய பதிப்பு 8,192 பைட் அளவில் 2,048 துண்டுகளை, அதாவது 1,67,77,216 பைட்டை அனுப்பிவிட்டு எத்தனை செக்கன் ஆனது என்று ஒரு வரியில் சொல்லும். கோப்பை அனுப்பி அளந்தால் வன்தட்டின் மந்தமும் கணக்கில் கலந்துவிடும். எனவே அனுப்ப வேண்டிய தரவை அது நினைவகத்திலேயே உற்பத்தி செய்துகொள்ளும். மறுமுனை வாங்கியதும் வீசிவிடும். வலையமைப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்த இந்த யோசனைதான் அதன் உயிர். இன்று பலரும் ஓட்டும் ஐபெர்ஃப் என்ற புரோகிராம் அதே வழியில் வந்த வாரிசு. அதன் பழைய பதிப்பு காத்திருக்கும் 5001ஆம் போர்ட்கூட டிடிசிபியுடையதே.

அண்ணன் எண் தம்பியின் எண்ணைக் கட்டிப்போடும். பழைய டிசிபி, பதில் வராமல் ஒரே நேரத்தில் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பாது. பிங் நாற்பது மில்லிசெக்கன் என்றால் ஓர் இணைப்பில் செக்கனுக்கு 13 மெகாபிட்தான். இருநூறு என்றால் 2.6. எவ்வளவு அகலமான லைன் வாங்கினாலும் அன்று இதுவே கதி. 1992இல் இந்த வரம்பை விரிக்கும் திருத்தம் வந்தது.

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே சுமார் 115 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி போய்வர ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்றே அதிகம் ஆகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தது 27. எந்தப் பெக்கேஜ் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. ஆனால் கொழும்பு சேர்வருக்கே வீட்டில் அறுபது, எழுபது காட்டினால் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. இணைய நிறுவனத்துக்குக் கோல் எடுக்குமுன் வீட்டு ரவுட்டரையே பிங் செய்து பாருங்கள். அங்கேயே எண் துள்ளினால் கோளாறு வைஃபையில். சுவரோ பக்கத்து வீட்டு ரவுட்டரோ காரணமாகலாம். கேபிளைச் செருகி இரண்டு மடிக்கணினிகளுக்கு நடுவே ஐபெர்ஃப் ஓட்டினால் கோளாறு வைஃபையில்தானா என்பதும் தெளிந்துவிடும்.