உணவும் உறக்கமும் ஊதியமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் லங்காஷயர் மாகாணத்துப் பருத்தி ஆலைகளில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவரும் சிறுமியரும் அரை நாள் அங்கே உழைப்பர். எஞ்சிய அரை நாள் பாடசாலைக்குச் செல்வர். அரைநேரப் பிள்ளைகள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். பிற்பகல் வகுப்பில் அவர்கள் மேசைமீது தலைசாய்த்து உறங்கிவிடுவதுண்டு. எழுப்புவதா, உறங்க விடுவதா? இரக்கமுள்ள ஆசிரியருக்கு அது சிறிய கேள்வியாய் இருந்திராது.

இவ்வழக்கத்தை ஆலை முதலாளிகள் மட்டும் ஆதரிக்கவில்லை. 1909ஆம் ஆண்டிலே பருத்தித் தொழிலாளரிடையே வாக்கெடுப்பு நடந்தபோது, அதனை ஒழித்தலாகாது என்றே மிகப் பெரும்பாலோர் வாக்களித்தனர். பிள்ளையின் சிறு கூலியின்றி அடுப்பெரியாத வீடுகள் பல இருந்தன. 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

அதற்கு முன்னரே தென்னாபிரிக்க யுத்தம் அந்நாட்டாரைத் திடுக்கிட வைத்திருந்தது. 1899ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிலே படையிற் சேர முன்வந்தோருள் ஏறக்குறைய மூவரில் இருவர் உடற்றகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்ற செய்தி பரவியது. காரணம் ஆராய அமைந்த குழு 1904ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. பரம்பரையாக இனம் தேய்கின்றது என்பதற்குச் சான்றில்லை என அது தெளிவுறக் கூறியது. பாடசாலைகளில் உணவு வழங்கலையும் மருத்துவப் பரிசோதனையையும் வேண்டிற்று. ஆயினும் தாய்மாரின் அறியாமையையும் ஒரு பெருங் காரணமாகச் சுட்டிற்று. 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவு வழங்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு அனுமதி அளித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. உடற்பயிற்சியோ இராணுவ முறையிலே முன்னரே பாடசாலைகளுட் புகுந்திருந்தது. வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளைக்கு அணிநடை என்ன பயன் தரும் என்று கேட்டவர்களும் இல்லாமலில்லை.

தாய்மார்மீது சுமத்தப்பட்ட இக்குற்றச்சாட்டை வீட்டினுள்ளேயே சென்று சோதித்தவர் மோட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையார். இலண்டன் லாம்பெத் பகுதியிலே, வாரம் ஒரு பவுண் அளவில் வருவாயுடைய குடும்பங்களை அவரும் தோழியரும் பல ஆண்டுகள் கவனித்தனர். தாய்மாரைக்கொண்டே வரவுசெலவுக் கணக்கு எழுதுவித்தனர். எழுதத் தெரியாதோர் வாயாற் கூறினர். வாடகை, நிலக்கரி, ஈமச் சடங்குக் காப்புறுதி என்பன போக எஞ்சியதே உணவுக்கு. இறைச்சி பெரும்பாலும் உழைக்கும் தந்தைக்குரியது. பிள்ளைகளுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும். ஒரே கட்டிலில் நான்கு பிள்ளைகள் படுத்தனர். ஒருவருக்கு இருமல் வந்தால் நால்வருக்கும் உறக்கமில்லை.

‘மலிவும் சத்தும் நிறைந்த ஓட்ஸ் கஞ்சி கொடுக்கலாகாதா?’ என்பது செல்வர் வீட்டு அறிவுரை. வீட்டிலுள்ளது ஒரே பழைய பாத்திரம். அதிலே கஞ்சி அடிப்பிடிக்கும். முன்னர் சமைத்த மீனின் வாடையும் போகாது. பாலுக்கும் சீனிக்கும் காசில்லை. அவையின்றிப் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார். 1913ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலை வாசிப்போர், அறியாமை எவர் பக்கம் இருந்தது என்பதை எளிதில் உணர்வர்.

1927ஆம் ஆண்டில் ஸ்டொக்டன் நகரச் சேரியினின்று ஒரு பகுதியினர் புதிய நல்ல வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர். அங்கே மரண விகிதம் குறையவில்லை, கூடிற்று! நகர மருத்துவ அதிகாரி மக்கொனிகிள் கணக்குப் பார்த்தார். வாடகை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அதனை ஈடுசெய்ய உணவே குறைக்கப்பட்டிருந்தது.

1936ஆம் ஆண்டில் ஜோன் போய்ட் ஓர் நாட்டு மக்களை வருவாய்ப்படி ஆறு பிரிவாக்கினார். அடிநிலையிலுள்ளோர் ஆளுக்கு வாரம் நான்கு சிலிங்கும், மேல்நிலையிலுள்ளோர் பதினான்கு சிலிங்கும் உணவுக்குச் செலவிட்டனர். கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் மாணவரின் உயரத்தையும் (பெயர் வைத்தியசாலையை நினைவூட்டினும் அது பழைய விடுதிப் பாடசாலையே) அதே வயதில் வேலைக்குப் போன பையன்களின் உயரத்தையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். பதினேழு வயதில் உழைக்கும் பையன் சில அங்குலம் குட்டையாயிருந்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது வந்த பங்கீட்டு முறை, செல்வர்க்கும் வறியவர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவைக்கொண்டு உணவளித்தது. 1946ஆம் ஆண்டிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் நாள்தோறும் மூன்றிலொரு பைந்து பால் இலவசமாயிற்று. 1968ஆம் ஆண்டிலே செலவைச் சுருக்க அரசாங்கம் முனைந்தபோது, அப்பால் முதலில் நிறுத்தப்பட்டது இடைநிலைப் பாடசாலைகளிற் பயின்ற பதின்ம வயதினருக்கே.