கழற்றிப் பூட்டிய சரித்திரம்

திருவல்லிக்கேணித் தெருக்களை வகுத்தவர்கள் மோட்டார் காரை மனத்தில் வைத்துக்கொண்டு வகுக்கவில்லை. பார்த்தசாரதி சுவாமியின் தேர் திரும்புவதற்கு மாட வீதிகளில் இடம் விட்டார்கள். மற்றத் தெருக்களில் இரண்டு பசுமாடுகள் எதிரெதிரே வந்துவிட்டால் அவற்றில் ஒன்று பெருந்தன்மையோடு பின்வாங்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட பேட்டையில் கார் வைத்துக்கொள்ளத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அதையும் வாசல் திண்ணைக்கு எதிரே பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவர்களும் இருந்தார்கள். இதற்குப் பூகோளம் ஒரு முக்கியமான காரணம். காலாற நடந்தால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, மோட்டார் உதிரிச் சாமான்களின் கடைவீதி. இன்னும் கொஞ்சம் நடந்தால் கூவத்தங்கரையில் புதுப்பேட்டை. மாண்டு போன வண்டிகளின் அங்கங்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வைத்தியனும் மருந்துக் கடையும் பக்கத்திலேயே இருக்கிறபோது வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

பட்டணத்து மோட்டாரின் கதை பட்டறையில்தான் ஆரம்பமாகிறது. மவுண்ட் ரோடில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றிருந்த சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டிக் காட்டினார். கப்பலில் வந்து இறங்கும் காரைப் பணத்தைக் கொடுத்து வாங்கி, சாரதி ஒருவனையும் அமர்த்திக்கொண்டு பவனி வருவது ஒரு ரகம். கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுவதும், கட்டியதை மாற்றுவதும் வேறு ரகம். நான் எழுதப் புகுந்தது இந்த இரண்டாவது ரகத்தாரைப் பற்றித்தான்.

சுதந்திரம் வந்த பிறகு இவர்கள் தொகை பெருகியது. காரணம் ஆசை அல்ல, பஞ்சம். அயல்நாட்டு வண்டிகளின் இறக்குமதிக்குச் சர்க்கார் கடிவாளம் போட்டது. இந்த நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று 1953-ல் டாரிஃப் கமிஷன் அபிப்பிராயம் சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவை கல்கத்தாப் பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம் ஊர் ஸ்டாண்டர்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒன்றை அந்நாளில் இங்கே யாரும் செய்து விற்கவில்லை. சமஸ்தானாதிபதிகளும் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்களும் விட்டுப் போனவை சில உண்டு. அவற்றில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் லேத்துப் பட்டறையில் கடைய வேண்டும், அல்லது வேறு வண்டியின் பல்சக்கரத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சாதாரண மனிதனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் சாதாரணக் காரிலிருந்துதான் செய்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்து நிற்கிறது. சென்னை யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் 1948-ல் கூட்டுச் சேர்ந்தன. வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வேன்கார்டு, பிறகு சின்ன ஸ்டாண்டர்டுகள், 1961-லிருந்து ஹெரால்டு.

இந்த ஹெரால்டின் ஜாதகமே அலாதியானது. 1953-ல் இங்கிலாந்தில், கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற ஸ்தாபனத்தைப் போட்டிக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக வார்த்துக் கொடுக்க ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் பழைய பாணியில் தனிச் சட்டம் ஒன்று செய்து, அதன் மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். டூரின் நகரத்து மிக்கலாட்டி அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் சங்கடம் உலகமெங்கும் உள்ள வாசல் மெக்கானிக்குகளுக்குப் பாக்கியமாக முடிந்தது. கூரையைத் தனியே கழற்றலாம். பின்பக்கத்தைத் தனியே கழற்றலாம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு விளக்கு சகிதமாக, முதலை வாய் திறப்பதுபோல முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். மற்றக் கார்களில் தலைகீழாகத் தொங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். திரும்புவதற்கோ இருபத்தைந்து அடி வட்டம் போதும், ஏறக்குறைய லண்டன் டாக்ஸி மாதிரி. திருவல்லிக்கேணி ஹெரால்டை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கலாட்டி வரைந்த திறந்த உடலைப் போர்த்தி, 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். 1965-ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் அது தன் வகுப்பில் ஜெயித்தது. ஆகவே ஹெரால்டு வைத்திருந்த நம் ஊர்க்காரன், தன் வண்டிக்குள்ளே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டதில் பிசகு ஒன்றுமில்லை. ஸ்பானர் ஒன்று இருந்தால் அதை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்ததில்தான் கொஞ்சம் அவசரம்.

முதல் இடையூறு எஞ்சின். 948 சி.சி., சுமார் 35 குதிரைத் திறன். சீமையில் அதையே 1147, பிறகு 1296 என்று வளர்த்தார்கள். நம் ஹெரால்டுக்குக் கடைசிவரை 948-தான். ஆனால் அந்தச் சின்ன எஞ்சினையே சீமையில் ஆரம்பத்தில் இரண்டு விதமாக விற்றார்கள். மூடிய காருக்கு ஒரு கார்புரேட்டர். கூபேக்கும் திறந்த காருக்கும் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு, சக்தி 45-ஐ ஒட்டி. எனவே நம்மவர்கள் முதலில் தேடி அலைந்தது ஜோடிக் கார்புரேட்டரைத்தான். அடுத்து, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு மயிரிழை சீவி, அழுத்தத்தைக் கூட்டுவது. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அந்நாளில் பங்க்கில் கிடைத்த பெட்ரோல் மட்டரகம். அழுத்தம் கூடினால் பெட்ரோல் தன் முறை வருமுன்பே பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவதுபோலக் கேட்கும். அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டைதான். ஆகவே சீவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைப் புத்தகத்தில் பார்த்தவர்கள் குறைவு. காதால் கேட்டு அறிந்தவர்களே அதிகம்.

இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போகச் செய்வது தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பது போன்ற காரியம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக்கொண்டு, மூச்சின் ஓசை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒன்று பெருமூச்சு விட்டு மற்றது சீட்டியடித்தால் திருகைத் தளர்த்தி மறுபடி கேட்க வேண்டும். தெருவில் காய்கறிக்காரர் கூவாத நேரமாகப் பார்த்து இதைச் செய்வது உத்தமம்.

இரண்டாவது இடையூறு பின்சக்கரங்கள். வண்டியின் குறுக்கே ஒரே பிளேட் செட்; அதன் இரு நுனிகளிலும் தனித்தனியே ஆடும் அச்சுகள். மேடு பள்ளத்தில் இது சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டியின் பின்புறம் எழும்பும். உடனே சக்கரங்கள் உள்ளே மடங்கித் தரையைப் பிடிப்பதை விட்டுவிடும். ஓட்டுகிறவன் திடீரென்று தான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இங்கிலாந்தில் 1970-ல் ஸ்பிட்ஃபயரில் பிளேட்டுகளை ஒரு மையத்தில் ஆடவிட்டு இதைச் சமாளித்தார்கள். சென்னையிலோ, 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாகக் கொண்டுவந்த கெஸலில், ஆடும் அச்சையே எடுத்துவிட்டு முழு அச்சைப் போட்டார்கள். பந்தயக்காரர்கள் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. பிளேட் செட்டைக் கொல்லனிடம் கொடுத்துத் தட்டையாக்கி, வண்டியைத் தாழ்த்தி, சக்கரங்களின் தலை சற்று உள்ளே சாயும்படி செய்துகொண்டார்கள். முதுகு வலிக்கும், ஆனால் வண்டி திரும்பும்.

இத்தனையும் எதற்காக? சோழவரத்துக்காக. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே வேலையில்லாமல் கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. மகாராஜாக்களின் வண்டிகளும் வாசலில் கடைந்த ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஒரே வெயிலில் ஓடின. 1990-ல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் போட்டுக்கொண்ட பிறகு சோழவரம் பழங்கதையாயிற்று. அந்தக் கதையை வளர்த்தவர்களில் கோயம்புத்தூர்க் கரிவரதனை மறக்க முடியாது. கிடைத்த சாமானில் பந்தய வண்டி கட்டும் வித்தையை அவர் ஒரு தொழிலாகவே செய்தார். 796 சி.சி. மாருதி எஞ்சினை எடுத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார் அமைத்தார்; ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அந்த வகை வண்டியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-லேயே விமான விபத்தில் காலமாகிவிட்டார்.

மாற்றுவது ஏதோ வாசல்காரர்களின் கிறுக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது இங்கிலாந்து அல்ல, 1968-ல் நம் வண்டலூர்த் தொழிற்சாலைதான். அதே தொழிற்சாலை 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை வெளியிட்டது. உடல் 1976-ல் பிறந்த ரோவர். உள்ளே இருந்த எஞ்சினோ பழைய வேன்கார்டின் வம்சம்! பேரனின் சட்டைக்குள் தாத்தாவை நுழைத்த கதைதான். 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாலையில் ஊர்ப்பட்ட ஓசையோடும் கண்ணைக் குருடாக்கும் விளக்கோடும் பறக்கிறவர்களைப் பார்க்கும்போது அதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதிகள் செய்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாமே தவிர, தினசரிக் காரியங்களுக்கு ஓட்டலாகாது. இதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு வாசகம் இடிக்கிறது. வண்டி அதன் பூர்வ வடிவத்திலேயே இருக்க வேண்டும். சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் கூடாது.

பூர்வ வடிவம் எது? எனக்குத் தெரிந்த ஒருவர் இதே பேட்டையில் 1966-ம் வருஷத்து இரட்டைக் கதவு ஹெரால்டு ஒன்றைக் காப்பாற்றி வருகிறார். அவருடைய தகப்பனார் அதைச் சோழவரத்தில் ஓட்டியவர். ஹெட் சீவியது அவர். ஜோடிக் கார்புரேட்டர் பூட்டியது அவர். பிளேட் செட்டைத் தட்டையாக்கியதும், சூடு வெளியேற முன்மூடியில் வரிசையாகக் கீறல் வெட்டியதும் அவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த வண்டி அப்படித்தான் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அது இருந்த காலம் இரண்டு வருஷம்கூட இராது. அதைப் பூர்வ ரூபத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தகப்பனார் கைவேலை அத்தனையையும் அழிக்க வேண்டும். மியூசியத்தில் வைக்க ஹெரால்டு வேறு கிடைக்கும். சோழவரம் போய் வந்த வாசல் ஹெரால்டு எத்தனை கிடைக்கும்? சரித்திரம் என்று நாம் பாதுகாக்கப் புறப்பட்டது கம்பெனி செய்ததையா, இந்த ஊர் மனிதர்கள் அதை வைத்துக்கொண்டு செய்ததையா? இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி விதியை எழுதுவது அவ்வளவு சிரமமான காரியம் என்று நான் நினைக்கவில்லை. இன்ன வருஷத்துக்கு முன் செய்த மாறுதல் என்று ருசுப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளலாம் என ஒரு வரி சேர்த்தால் போதும்.

நண்பர் புதுப்பேட்டையில் அலைந்து பழைய ஒற்றைக் கார்புரேட்டரும் அதற்குரிய குழாய்களும் வாங்கி வந்துவிட்டார். அவை மாடிப்படிக்குக் கீழே பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருக்கின்றன. விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து வைத்திருக்கிறார். பார்வையிட வரும் குழுவில் ஒருவராவது ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டவராக இருந்தால் தேவலை என்கிறார். இது வரையில் ஒற்றைக் கார்புரேட்டரையும் பூட்டவில்லை, விண்ணப்பத்தையும் அனுப்பவில்லை.