கழுத்தில் தொங்கிய வழிகாட்டி

யட்டியாந்தோட்டைக்கு ஒரு காலத்தில் கோச்சி ஓடியது என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள். அவிசாவளையில் இருந்து பிரிந்து வந்த சின்னக் கோச்சி அது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 1903இல் வந்தது, 1942இல் போனது. யுத்த காலத்தில் தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்கள். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது பாடப் புத்தகத்தில் அல்ல, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதிய ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில்.

புத்தகத்தின் பெயர் 'த புக் ஒஃப் சிலோன்'. எழுதியவர் ஹென்றி கேவ். கொழும்பில் புத்தகக் கடை வைத்திருந்தவர், படம் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். 1908இல் வந்த இந்தத் தடித்த நூல் இலங்கையை ரயில் பாதைகளாகப் பிரித்துச் சொல்கிறது. ஒவ்வொரு பாதையிலும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக, மைல் கணக்கோடு வழி காட்டும். களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் கடைசியில் எங்கள் ஊர். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு புத்தகத்தில் சொந்த ஊர்ப் பெயரைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொரு கேள்வி வந்தது. இந்த ஸ்டேஷனில் இறங்கிய எங்கள் ஆட்கள் கையில் என்ன இருந்தது?

அந்தக் கேள்வியோடுதான் வடக்கே போனோம். 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நிறையப் பேர் நடந்தார்கள். 252 கிலோமீற்றர், 16 நாள். அதே பாதையை நாங்கள் ஒரு வாடகை வேனில் போய்ப் பார்க்க நினைத்தோம். கேவின் புத்தகத்தில் வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுத்து, கம்பி போட்டுக் கட்டிக்கொண்டோம். காட்டுப் பக்கம் போனில் சிக்னல் இருக்காது என்பது ஒரு சாட்டு. 1908இன் ஆள் ஒருவர் கூட வந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசைதான் உண்மைக் காரணம்.

குருநாகல் தாண்டும் வரைக்கும் அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மைலைக் கிலோமீற்றராக மாற்றி மாற்றி வாசித்ததில் டிரைவர் அண்ணனுக்கு எரிச்சல். "தம்பி, அந்தப் பொஸ்தகத்த நம்பிப் போனா குளத்துலதான் வண்டிய உடணும்" என்றார். அநுராதபுரத்தில் கேவுக்கு வாய் மூடவே இல்லை. இடிந்த நகரங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போட்ட மனிதர், கேட்கவா வேண்டும்! மதவாச்சியில் மேற்கே திரும்பினோம். அத்தோடு அவர் மௌனம். காரணம் எளிது. அது ரயில் பாதைக்கான புத்தகம். மன்னார்ப் பக்கம் ரயில் வந்தது 1914இல்தான். யாழ்ப்பாணம் போகும் துரை மதவாச்சியைத் தாண்டி நேரே வடக்கே போய்விடுவார்.

ஆனால் அந்தக் காடு ஆள் நடமாட்டம் இல்லாத காடாக இருக்கவில்லை. கோப்பிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆயிரக்கணக்கான பேர் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, இறங்கி நடந்தது அந்தப் பக்கமாகத்தான். முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. முன்னால் கங்காணி, பின்னால் குடும்பங்கள். தண்ணீர் இல்லாத இடம், யானை இருக்கும் இடம், இரவு தங்கும் இடம் எல்லாம் கங்காணியின் மண்டைக்குள் இருந்தன. அரசாங்கம் கிணறும் கொட்டகையும் ஆஸ்பத்திரியும் அமைத்தது பிறகுதான். வாந்திபேதி அதற்கு முன்பே நிறையப் பேரைக் கொண்டுபோயிருந்தது. 1840களில் மட்டும் 70,000 பேர் செத்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்தக் கணக்கு கூடுதல் என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு. எண்ணிக்கையில் சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. செத்தவர்களை யாரும் பேர் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் இந்தச் சண்டையே நடக்கிறது.

எழுதத் தெரிந்த தமிழர் இல்லாத காலமும் இல்லை அது. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களை எல்லாம் அகரவரிசையில் தொகுத்து 'சிலோன் கசற்றியர்' என்று 1834இலேயே ஆங்கிலத்தில் அச்சுப் போட்டுவிட்டார். அருமையான வேலை. நடந்து வந்தவர்களுக்கு அதனால் ஒரு கிணறுகூடத் தெரிந்திருக்காது.

தலைமன்னார் இறங்குதுறையில் உட்கார்ந்து பேசும்போதுதான் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. "நம்ம பாட்டன் பூட்டன் நடந்த மண்ணு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். இன்னொருத்தர் மறித்தார்: "நம்ம ஆளுங்க இதால நடந்திருப்பாங்களா?" யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. மாத்தளை, கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள்தான் இந்தப் பாதையில் பெருவாரியாக நடந்தார்கள். களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பெருகியது 1880களுக்குப் பிறகு, ரப்பர் அதற்கும் பிறகு. பிளேக் பயத்தில் வடக்குப் பாதை கைவிடப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆகவே எங்கள் தோட்டங்களுக்கு வந்தவர்களில் அதிகம் பேர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் கிடந்து, கப்பலில் கொழும்புக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். 1914க்குப் பிறகு வந்தவர்கள் மண்டபம் முகாமில் இருந்து தனுஷ்கோடி, தலைமன்னார் என்று கப்பலும் ரயிலுமாக வந்திருப்பார்கள். கடைசியில் எல்லாரும் ஏறியது அந்தச் சின்னக் கோச்சியில்.

மேடையில் பேசும்போது 'நாம் நடந்து வந்தோம்' என்று சொல்வது வசதியாக இருக்கிறது. அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை, நடந்தது நம் இனம்தான். ஆனால் அந்த ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் வந்த கதையைத் தொலைத்துவிட்டோம். அந்தக் கதைக்குள்தான் தகரம் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. தோட்டத்துரை கங்காணியிடம் சிறு தகர வில்லைகளைக் கொடுத்து ஊருக்கு ஆள் பிடிக்க அனுப்புவார். வில்லையில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும்: எந்தப் பகுதி, எந்தத் தோட்டம். சேர்கிற ஆள் அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். முகாமில் காட்டினால் சோறு, கப்பலில் காட்டினால் இடம், ரயிலில் காட்டினால் பயணம். செலவு எல்லாம் தோட்டத்துக் கணக்கில். தோட்டம் அதைக் கடன் கணக்கில் ஏற்றும். முகாம் கிளார்க் வாசிப்பார், ரயில்வேக்காரர் வாசிப்பார், தோட்டத்துக் கந்தோரில் வாசிப்பார்கள். கட்டிக்கொண்டிருந்த ஆளால் மட்டும் வாசிக்க முடியாது.

1908இல் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்த கோச்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தோம். முதல் வகுப்பில் கேவின் புத்தகத்தை மடியில் விரித்த ஒரு பயணி, அடுத்தது எந்த ஸ்டேஷன் என்று அவருக்குத் தெரியும். பின் பெட்டியில் தகரத்தோடு ஒரு குடும்பம், எங்கே இறக்குவார்கள் என்றே தெரியாது. இரண்டு பேருக்கும் வழிகாட்டி இருந்தது. ஒருத்தர் அதைப் பார்த்து ஊரைப் பார்த்தார். மற்றவரை, அதைப் பார்த்து ஊருக்கு அனுப்பினார்கள்.

திரும்பும்போது செட்டிகுளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். எங்கள் பேச்சைக் கேட்டதுமே கடைக்கார அம்மா கண்டுபிடித்துவிட்டார். "நீங்க எந்தத் தோட்டம்?" 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பமாம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இப்படி எத்தனையோ மலையகக் குடும்பங்கள், கோப்பிக் காலத்து ஆட்கள் நடந்த பாதையிலேயே எதிர்த்திசையில் வந்து குடியேறியவர்கள். அவரின் அக்கா குடும்பம் இன்னும் தூரம் போனது. 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்டு, தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன அந்த ரயிலில் போனவர்கள். மலையகத்தில் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்றுதான் பேர். அவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது. "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நாந்தான் படிச்சுக் காட்டினேன்" என்றார் அந்த அம்மா. தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மதவாச்சி வந்ததும் புத்தகத்தை விரித்தோம், வாசிக்க அல்ல. பின்பக்க வெற்றுத்தாளில் மதவாச்சியில் இருந்து தலைமன்னார் வரைக்கும் உள்ள ஊர்களை வரிசையாக எழுதினோம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கடை, செட்டிகுளத்தில் எந்தக் கடைக்குப் போனால் தோட்டத்துப் பேச்சைக் கேட்கலாம். கிலோமீற்றரை டிரைவர் அண்ணன் மீற்றரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மிகிந்தலையில் கேவ் திரும்பவும் பேச ஆரம்பித்தார், இந்த முறை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. இருட்டும் நேரம் மாத்தளை வந்து சேர்ந்தோம். 1880இல் ரயில் வந்த ஊர், அதனால் புத்தகத்தில் ஸ்டேஷன் உண்டு, மைல் கணக்கும் உண்டு. அதற்குக் கீழே பேனையால் 252 கிலோமீற்றர் என்று எழுதிவிட்டு, சாப்பாட்டுக் கடை தேடிப் போனோம்.