சும்மா இருந்தார்களா?

கடல் கடக்கும் ஆண் பெண்ணை உடன் அழைத்துப்போவதில்லை என்கிறது தொல்காப்பியம். அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு நாகப்பட்டினம் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பல் அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் கடிதமும் பணமும் நின்றுபோயின. சயாம் ரயில்பாதையில் செத்த தமிழர்களைப் பற்றி இன்று எழுதுகிறோம். அதே வருஷங்களில் இங்கே நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கூலிநெல்லில் பிள்ளைகளை வளர்த்தவர்களைக் 'காத்திருந்தவர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று படித்த பழக்கம். (இவர்கள் இருந்ததோ மருதத்தில்.) 1945இல் போர் முடிந்தது. ஆள் திரும்பாத, சாவுச் செய்தியும் வராத வீட்டில் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யார் முடிவெடுத்தார்கள்? அவளைக் கேட்டார்களா?