'படுக்கை இல்லை'

கூட்டிப் பார்த்தா பதினாலு மணி நேரத்துக்கும் மேல. மண்டை உடைஞ்சு, மூளையில ரத்தக் கசிவோட ஒரு மனுஷர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைக்கழிக்கப்பட்ட நேரம் அது.

மேற்கு வங்காளம், 1992 ஜூலை 8. இரவு 7.45 மணி வாக்கில் மதுராப்பூர் ஸ்டேஷன்ல, விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருத்தர் ரயில்ல இருந்து விழுந்துட்டார். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. இனிமேதான் கூத்து.

11.45: நீல் ரத்தன் சர்க்கார் ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் மண்டையை ரெண்டு எக்ஸ்ரே எடுத்து, 'உடனே சேர்க்கணும்'னும் எழுதினார். ஆனா படுக்கை இல்லை.
12.20: கல்கத்தா மெடிக்கல் காலேஜ். படுக்கை இல்லை.
1.00: சம்புநாத் பண்டிட். அந்தப் பிரிவே இல்லை.
2.00: நேஷனல் மெடிக்கல் காலேஜ். படுக்கை இல்லை.
காலை 8.00: பாங்கூர் நரம்பியல் நிலையம். இங்கே முடியாது.
10.00: எஸ்.எஸ்.கே.எம். நியூரோசர்ஜரி வசதி இல்லை.

கடைசியில தனியார் ஆஸ்பத்திரிதான் சேர்த்துக்கிச்சு. ஜூலை 22 வரைக்கும் சிகிச்சை, செலவு சுமார் 17,000 ரூபாய். ஆள் பிழைச்சார். சங்கத்தோட சேர்ந்து சுப்ரீம் கோர்ட் படியும் ஏறினார்.

சரி, இதுல யார் குற்றவாளி? ராத்திரி டியூட்டியில இருந்த டாக்டரா? ஓய்வு பெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையிலான விசாரணைக் குழு டாக்டர்களோட நிக்கலை. உயிர் போற கேஸ்னா கணக்குக்கு மீறி டிராலியில படுக்க வச்சாவது சேருங்கன்னு கண்காணிப்பாளர் முன்கூட்டியே உத்தரவு போட்டிருக்கணும், போடாததுக்கு அவரும் ஓரளவு பொறுப்புன்னு சொல்லிச்சு. எனக்கு இதுதான் முக்கியமான இடமாப் படுது. மேல இருக்கிறவர் வாயைத் திறக்கலைன்னா கீழ இருக்கிறவர் 'படுக்கை இல்லை'ன்னு எழுதித் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருப்பார். விதிப்படி எல்லாம் சரி, நோயாளி மட்டும் தெருவுல!

1996 மே 6-ல நீதிபதிகள் எஸ்.சி. அகர்வால், ஜி.டி. நானாவதி இன்னும் ஒரு படி மேல போனாங்க. அரசு ஆஸ்பத்திரி உரிய நேரத்துல சிகிச்சை தரலைன்னா அது 21-வது பிரிவு தர்ற உயிர்வாழும் உரிமையையே மீறுறது, அதுக்கு அரசுதான் பொறுப்புன்னு தீர்ப்பு. பணமில்லைன்னு கைவிரிக்கவும் முடியாது. நஷ்டஈடு 25,000 ரூபாய். எந்த ஆஸ்பத்திரியில படுக்கை காலின்னு தெரிஞ்சுக்க ஒரே தொடர்பு ஏற்பாடு, கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ்னு வழிமுறைகளும் சொன்னாங்க.

இதுக்கு முன்னாடியே, 1989-ல பரமானந்த் கட்டாரா வழக்குல, போலீஸ் சம்பிரதாயத்துக்காகக் காத்திருக்காம முதல்ல உயிரைக் காப்பாத்துங்கன்னு இதே கோர்ட் சொல்லியிருந்தது. மூணே வருஷத்துல மதுராப்பூர்!

அந்த 25,000 ரூபாயில ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சினது எட்டாயிரம் சொச்சம். ஒரு ராத்திரி முழுக்க ஆறு வாசல்ல நின்னதுக்கு அது போதுமா? நீங்களே சொல்லுங்க மக்களே.